பூஸ்டருக்குக் காப்பு கட்டிய ஊர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், போன் டவர் வேலை என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவாள் நர்மதா. கேட்டவர்கள் அவள்தான் கோபுரத்தில் ஏறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஏறுவது ரூபன். சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிறு மாட்டி, அணில் மாதிரி ஏறிவிடுவான். நர்மதா கீழே காரில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, எந்த ஆன்டெனாவை எவ்வளவு குனிய வைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லுவாள். குனிந்த ஆன்டெனா தன் ஊரோடு நிற்கும். நிமிர்ந்த ஆன்டெனா பக்கத்து ஊர்க்காரனின் பேச்சிலும் போய் மூக்கை நுழைக்கும்.

போன் இல்லாத வீடு இன்று இல்லை. பேச்சு போய்ச் சேர்ந்தால் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, சேராவிட்டால் மட்டும் திட்டுகிறோம். அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர்களில் ஒருத்தி இவள். கம்பெனி ஏலத்தில் எடுத்த அலைவரிசை அளந்து கல் நட்ட காணி போன்றது, ஒரு சென்ட்கூட வளராது. ஆனால் அதில் குடியேறுகிற ஜனம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டே போகிறது. அத்தனை பேருக்கும் அதே காணிக்குள் இடம் கொடுக்க வேண்டும், அதையும் கரண்ட்டையும் டீசலையும் வாரி இறைக்காமல் செய்ய வேண்டும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கேக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒப்பந்த அலுவலகத்தில் நாமக்கல் பக்கத்துக் கோபுரங்களெல்லாம் அவள் பொறுப்பு.

இந்த வேலைக்கு அவள் படித்த படிப்பு ஈரோட்டுக் கல்லூரியில் முடிந்தது. ஆனால் அது தொடங்கியது குமாரபாளையத்தில், அவளுடைய அப்பாவின் விசைத்தறிக் கொட்டகையில். தறி ஓடும்போது காதோரம் வெடி வைத்தாலும் கேட்காது. அங்கே விவரம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். நூல் அறுந்தால் ஒரு விரல், ஊடைநூல் சுற்றிய தார் தீர்ந்தால் இரண்டு விரல், சாப்பாட்டுக்குக் கையை வாயருகே கொண்டுபோனால் போதும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்தான் கத்துவார்கள். ஒருவர் கத்தினால் அடுத்த தறிக்காரர் அதைவிடக் கத்துவார். சாயங்காலம் எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும், யார் சொன்னதும் யாருக்கும் கேட்டிருக்காது. அந்தக் கூத்தை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்தவள்.

போன மாசியில் அப்படி ஒரு கூத்துதான் எருமப்பட்டிக்குக் கிழக்கே புளியங்காட்டுப்புதூரில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஊர்க் கோபுரத்தைப் பற்றிப் புகார் வராத நாளில்லை. பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது, காலையில் சார்ஜ் போட்ட போன் மதியத்துக்குள் செத்துப்போகிறது என்றார்கள். கோபுரத்தில் ஒரு குறையுமில்லை. திரையில் நர்மதா பார்த்ததெல்லாம் இரைச்சல்தான். ஊரிலிருந்து கோபுரத்துக்கு வரும் பக்கத்தில் என்னவோ ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டித் தன் குரல் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு போனும் முழுப் பலத்தோடு கத்தியது. பேட்டரி தீராமல் என்ன செய்யும்? கோபுரமும் ஒரே சேதியைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிக் கரண்ட்டைத் தின்றது.

ரூபன் காரை ஊருக்குள் மெல்ல விட, அவள் கையில் பிடித்த சின்ன ஆன்டெனாவை வீடு வீடாகத் திருப்பிப் பார்த்தாள். காரணம் கூரைகளின் மேலேயே நின்றது. யாரோ ஒருவர் நாமக்கல்லில் ஒரு கடையிலிருந்து சிக்னல் பூஸ்டர் வாங்கி வந்து மாட்டியிருக்கிறார். அவர் வீட்டில் கட்டம் நிறைய சிக்னல் தெரிந்ததும் பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கியிருக்கிறார். வாங்காதவர்களுக்குப் பேச்சு இன்னும் மோசமாகிவிட, அவர்களும் ஓடியிருக்கிறார்கள். கடைசியில் ஊரில் பாதிக் கூரையில் பூஸ்டர். அனுமதியில்லாத அந்தப் பெட்டிகள் உள்ளே போனுக்குச் சிக்னலைக் கூட்டிக் காட்டும், வெளியே கோபுரத்தின் காதில் இடைவிடாமல் கத்தும். தான் மாட்டியதுதான் தன்னைக் காப்பாற்றுகிறது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

அந்த ஊரிலேயே அதிகம் இரைந்தது சாரதாமணியின் கோழிப்பண்ணைப் பூஸ்டர். அவளுடைய கணவர் முருகானந்தம் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறவர், பண்ணை முழுக்க அவள் கையில்தான். நான்கு பக்கமும் மூடி, பெரிய காற்றாடிகளால் குளிரவைத்த முட்டைக்கோழிக் கொட்டகை அது. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓட வேண்டும். அது ஓடாவிட்டால் சுவரில் மாட்டிய அலாரப் பெட்டி அவளுடைய போனைக் கூப்பிடும். இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு மதியம் கரண்ட் போனது, ஜெனரேட்டர் ஓடவில்லை, அலாரம் கூப்பிட்டும் அழைப்பு வந்து சேரவில்லை. வயிற்றுவலி மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்த சாரதாமணி திரும்பி வந்தபோது கொட்டகைக்குள் சத்தமே இல்லை. அத்தனை கோழிகளையும் மண் அள்ளும் வண்டி வைத்துக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அதற்கு அடுத்த வாரம் வாங்கியதுதான் அந்தப் பூஸ்டர்.

சூடு கண்டவளிடம் போய் அதை நிறுத்தச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று நர்மதாவுக்குப் புரிந்தது. அலுவலக மேலாளர் சுலபமான வழி ஒன்றைச் சொன்னார். அதிகாரிகளுக்கு எழுதிப்போட்டால் வந்து பெட்டிகளைப் பறிமுதல் செய்து, அபராதமும் போட்டுவிட்டுப் போவார்கள். பறித்தால் அடுத்த சந்தைக்கே வேறு வாங்குவார்கள் என்று நர்மதா மறுத்தாள். ஊரே விரும்பி நிறுத்தினால்தான் நிற்கும், அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று கேட்டாள். அவர் பங்குனி முடியும்வரை கொடுத்தார்.

இங்கே நர்மதா ஒரு தப்புப் பண்ணினாள். தறிக்கொட்டகையில் பிறந்தவள் பண்ணியிருக்கக் கூடாத தப்பு. அதிகம் இரைகிற பூஸ்டரை மட்டும் முதலில் நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அலாரப் பெட்டியின் ஆன்டெனா தகரக் கூரைக்கடியில் அடைந்து கிடந்தது. அதை வெளியே ஒரு கம்பத்தில் ஏற்றிக்கட்டிவிட்டால் பூஸ்டரே வேண்டாம் என்று சாரதாமணிக்கு எடுத்துச் சொன்னாள். ரூபன் ஏற்றிக் கட்டினான். சாரதாமணி அரை மனதோடு சுவிட்சை அணைத்தாள். பிறகு சோதனைக்காக அலாரத்தை அழுத்தினார்கள். சாரதாமணியின் கையிலிருந்த போன் ஊமையாகவே இருந்தது.

ஒருத்தி மட்டும் வாயை மூடினால் மற்றவர்களின் கூச்சலில் அவள் இன்னும் அமுங்கித்தான் போவாள். நர்மதாவுக்கு அது அந்தக் கணமே உறைத்தது, முகம் சிவந்துவிட்டது. சாரதாமணி எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தாள்.

"நீ படிச்ச புள்ள, பொய் சொல்லமாட்டே," என்றாள் சாரதாமணி. "ஆனா என்ற கோழிக்கு உன்ற படிப்பு தெரியாது, அம்மிணி. அதுக்குக் காத்துத்தான் தெரியும்."

நர்மதா சமாளிக்கப் பார்க்கவில்லை, தான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டாள். அதனால்தானோ என்னவோ சாரதாமணி அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு தட்டு முட்டையைக் காரில் வைத்துவிட்டாள். நல்ல மனுஷிதான், நம்பிக்கைதான் போய்விட்டது.

திரும்பி வரும் வழியில் கோயில் வாசலைத் தாண்டும்போது வேப்பமரக் கம்பம் நடக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மாரியம்மன் நோன்பு. நர்மதா ரூபனை நிறுத்தச் சொன்னாள். குமாரபாளையத்துப் பெண்ணுக்குக் காப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால் கோயில் பொங்கல் முடிந்து கம்பம் எடுக்கும்வரை ஊரே ஒரு கட்டுக்குள் வந்துவிடும். யாரும் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். அந்த ஊரில் எந்த வீட்டிலும் கடுகு தாளிக்கும் சத்தம்கூடக் கேட்காது. அடுத்த வீட்டுக்காரன் தாளிக்கிறானா என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவன் தாளிக்க மாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒன்றாக அடங்கத் தெரிந்த ஊருக்குப் போய், ஒருத்தியை மட்டும் தனியாக அடக்கப் பார்த்தோமே என்று அவளுக்குத் தோன்றியது.

கோயில் தர்மகர்த்தா மருதாசலம் குழிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். நர்மதா விஷயத்தைச் சொல்லி, காப்புக் கட்டியிருக்கும் நாள்களில் மட்டும் ஊர் மொத்தமும் பூஸ்டரை அணைத்து வைக்க முடியுமா என்று கேட்டாள். சாமி காரியத்தில் போன் கம்பெனி எங்கே வந்தது என்று அவர் முதலில் முறைத்தார். பிறகு, போன வருஷம் பொங்கலன்று கூட்டம் கூடியதும் ஒருத்தர் போனும் வேலை செய்யாமல், மயங்கி விழுந்த கிழவிக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட முடியாமல் அலைந்தது அவருக்கு நினைவு வந்தது. மீசையைத் தடவிக்கொண்டு, காப்புக் கட்டும் சமயத்தில் ஊர் கூடியிருக்கும்போது சொல்லிவிடுகிறேன் என்றார். ஊர் கூடித்தானே தேர் இழுக்க வேண்டும்.

சொல்லியும் விட்டார். ஆத்தா பேரில் கட்டு, பூஸ்டர் போடுகிறவன் ஊருக்குப் பொல்லாதவன் என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். அன்று மாலை நர்மதா சாரதாமணி வீட்டுக்குத் தனியாகப் போனாள். இந்தத் தடவை படிப்பைப் பற்றிப் பேசவில்லை. காப்பு நாள்களில் மதிய வெயில் நேரத்தில் தானே வந்து கொட்டகையில் இருந்துகொள்வதாகச் சொன்னாள். அலாரம் வராவிட்டால் கூப்பிட ஆள் இருக்கும். பொங்கலன்று பண்ணை ஆட்கள் எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுவார்களே என்று சாரதாமணி கேட்டாள்.

"அன்னிக்கும் நான் இருக்கறேனுங்க்கா," என்றாள் நர்மதா. "நீங்க போய் நிம்மதியாப் பொங்கல் வைங்க."

சாரதாமணி உள்ளே போய் மஞ்சள் துண்டு முடிந்த நூல் ஒன்றைக் கொண்டுவந்தாள். பூஸ்டரை அணைத்து, அதன் சுவிட்சைச் சுற்றி அந்தக் காப்பைக் கட்டினாள். கட்டியதை ஆள்காரர்களும் தொட மாட்டார்கள், தானும் தொட மாட்டேன் என்றாள்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே நினைப்போம். மறுநாள் காலை திரையில் இரைச்சல் பாதிதான் அடங்கியிருந்தது. எங்கோ ஒன்று பிடிவாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. நர்மதாவும் ரூபனும் சின்ன ஆன்டெனாவோடு தெருத் தெருவாகத் தேடினார்கள். தேடித் தேடி அது கொண்டுபோய் நிறுத்திய இடம் மருதாசலத்தின் வாசல். ஊருக்குத்தான் உபதேசம் என்று ரூபன் முணுமுணுத்தான். மருதாசலம் கோபத்தில் குதித்தார், தன் வீட்டில் பூஸ்டரே கிடையாது என்று சத்தியம் செய்தார். மாடியேறிப் பார்த்தால், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கவின் தீபாவளிக்கு வந்தபோது மாட்டிவிட்டுப் போன பெட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. அது டிவி ஆன்டெனா என்று அவர் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது. மனுஷர் பிளக்கைத் தன் கையாலேயே பிடுங்கினார். சாயங்காலம் அதே ஒலிபெருக்கியில், தர்மகர்த்தா வீட்டிலேயே ஒன்று ஓடியது, அணைத்தாயிற்று, இன்னும் யார் வீட்டிலாவது தெரியாமல் ஓடினால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மறைக்காமல் அறிவித்தார். அந்த ஓர் அறிவிப்பு முதல் முழக்கத்தைவிட நன்றாக வேலை செய்தது. மறந்துபோனவை, மறைத்து வைத்தவை எல்லாம் அன்றிரவே அணைந்தன.

கோபுரம் அடுத்த நாள் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. போன்கள் கத்துவதை நிறுத்தின. மதியம் தாண்டியும் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கிறது என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, இன்னொருவர் தன்னுடையதை எடுத்துக் காட்டினார். அலாரத்தைத் திரும்ப அழுத்திப் பார்த்தபோது சாரதாமணியின் போன் அடித்தது. ஆனால் அவள் அதற்குச் சிரிக்கவில்லை. கூட்டம் இல்லாத நாளில் அடிப்பது பெரிதில்லை என்றாள். நர்மதாவும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் நாளன்று வெயில் காலையிலேயே காய்ந்தது. சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் கோயிலில் கூடிவிட்டார்கள். மாவிளக்கு, மேளம், கம்பத்தைச் சுற்றி ஆட்டம். இளவட்டங்கள் ஆடுவதையெல்லாம் போனில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் ஒரே கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். பேச்சு அழைப்புக்கு முதல் இடமும் படத்துக்கு அடுத்த இடமும் கிடைக்கும்படி நர்மதா முந்தின நாளே அமைத்து வைத்திருந்தாள். தன்னால் ஆனதெல்லாம் செய்துவிட்டு, பண்ணைக் கொட்டகை வாசலில் ஒரு கவிழ்த்த தீவனக்கூடை மேல் வந்து உட்கார்ந்தாள். ரூபன் கோபுரத்தடியில் இருந்தான்.

உச்சி வெயிலில் காற்றாடிகள் நின்றன.

கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. நர்மதா எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தாள். அதில் எதைப் பிடித்து எதைத் திருக வேண்டும் என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. பக்கவாட்டுப் படுதாவை இறக்கினால் கொஞ்சம் காற்று வரும் என்று சாரதாமணி காட்டிக் கொடுத்திருந்தது நினைவு வந்தது. கயிற்றை அவிழ்த்துப் படுதாவை இறக்கினாள். உள்ளே வெக்கை குப்பென்று முகத்தில் அடித்தது. கோழிகள் ஒவ்வொன்றாக வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்தன.

அவள் போனை எடுத்துச் சாரதாமணியைக் கூப்பிட்டாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது பதிவுக் குரல். துண்டித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே குரல். நர்மதாவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த நேரத்தில் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் இந்த அக்கா? தான் கேட்டுக்கொண்டதால்தானே பூஸ்டரை அணைத்தாள், தான் இருக்கிறேன் என்று சொன்னதால்தானே கோயிலுக்குப் போனாள்? எதிர்ப்பக்கத்துப் படுதாவின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நகம் பிய்ந்து ரத்தம் வர அதை அவிழ்த்தாள்.

அப்போது பண்ணை வழியில் ஒரு மொபெட் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. ஓட்டியது மருதாசலம். பின்னால் சாரதாமணி, ஈரப் புடவையோடு, கையில் பொங்கல் கரண்டியோடு. மொபெட் நிற்பதற்குள் குதித்து இறங்கி ஜெனரேட்டரை நோக்கி ஓடினாள். பேட்டரி முனையில் வெள்ளையாக உப்புப் பூத்துப்போயிருந்தது. கரண்டியாலேயே அதைத் தட்டிச் சுரண்டி, இறுக்கி, சாவியைத் திருப்பினாள். ஜெனரேட்டர் இருமி, பிறகு ஓடியது. காற்றாடிகள் சுற்ற ஆரம்பித்தன. இருவரும் வாசலில் நின்று, கோழிகளின் வாய் ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை.

இன்னும் இடுப்பில் செருகியிருந்த சாரதாமணியின் போனிலிருந்து ஊய்ங் ஊய்ங் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டர் அடங்கிய உடனே அலாரப் பெட்டி கூப்பிட்டிருக்கிறது. அவள் எடுத்தவள் அணைக்காமலேயே ஓடி வந்திருக்கிறாள். நர்மதா கூப்பிட்டபோதெல்லாம் சாரதாமணி பேசிக்கொண்டிருந்தது அந்தப் பெட்டியோடுதான். அத்தனை கூட்டத்தின் நடுவிலும் கோபுரம் அதன் குரலைக் கேட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. நர்மதா அந்தக் கூடை மேலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். சாரதாமணி அவளுடைய ரத்தம் வந்த விரலைத் தன் ஈரப் புடவையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

கம்பம் எடுத்து, மஞ்சள் நீராடி, ஊர் காப்பு அவிழ்த்தது. வீடுகளில் மறுபடி கடுகு வெடித்தது. பூஸ்டர்களும் திரும்ப ஓட ஆரம்பிக்கும் என்று மேலாளர் எதிர்பார்த்தார். இரண்டு பேர் போட்டார்கள். போட்ட அன்றே அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டி அணைக்க வைத்துவிட்டார்கள். ஊர் இப்படி அமைதியாக இருந்ததால் நர்மதா அந்தக் கோபுரத்தின் ஒரு பகுதியை நடுச்சாமத்தில் தூங்க வைக்கவும் துணிந்தாள். கோபுரத்து ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டி இப்போது அந்தப் பக்கம் அபூர்வமாகத்தான் வருகிறது.

வைகாசியில் ஒருநாள் அந்த வழியாகப் போனபோது நர்மதா பண்ணையில் இறங்கினாள். சுவரில் பூஸ்டர் சுவிட்சைச் சுற்றி மஞ்சள் வெளுத்த அந்த நூல் அப்படியே இருந்தது. ஊர் காப்பு அவிழ்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்றே, இதை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டாள்.

சாரதாமணி தீவனம் அள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அது ஆத்தாளுக்குக் கட்டுனதில்ல, சாமி," என்றாள். "உனக்குக் கட்டுனது. அதை எப்படி நான் அவுப்பேன்?"